ஜாங்கிரிக்கு ஏழு யூனிட்

ஜன்னலை மூடிவிடாதீர்கள் அம்மா. குளிர்கிறதா? என் துப்பட்டாவை வேண்டுமானால் போர்த்திக்கொள்ளுங்கள். மூடினால் போனுக்குச் சிக்னல் கிடைக்காதோ என்று ஒரு பயம். கண்ணாடி சிக்னலைத் தடுக்காது, தெரியும். நான் படிப்பது புள்ளியியல், ஆனாலும் அந்த அளவு இயற்பியல் தெரியும். இருந்தாலும் திறந்தே இருக்கட்டுமே. ஆறு மணி வரைக்கும்தான். ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். சரியாக அப்போதுதான் பஸ் தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும், என் நேரத்தைப் பாருங்கள்.

முறுக்கு வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். நிஜமாகவே பசி இல்லை.

போன் வந்தால் பேசமாட்டேன், கவலைப்படாதீர்கள். அது எடுக்கக் கூடாத போன். ஒரு தடவை அடித்து நின்றுவிடும். நின்றால் ஜாங்கிரிக்கு ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம்.

சிரிக்கிறீர்கள். எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ஜாங்கிரி என்பது நாய். சர்க்கரை வியாதி உள்ள நாய்க்கு ஜாங்கிரி என்று பெயர். பெயர் வைத்தது நானல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்தது பாவாயி அக்கா. நான் சேலத்தில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். அந்த வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் அவர். பின்பக்கத்து ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறார். நாய் சிவப்பாக இருக்கிறதாம், சுருண்டு படுக்கிறதாம், அதனால் ஜாங்கிரி. இதெல்லாம் ஒரு காரணமா?

நாய்க்குச் சர்க்கரை வருமா என்று கேட்கிறீர்களா? வரும். நன்றாகவே வரும். அதிலும் பெட்டை நாய்க்கு, கருப்பை எடுக்காமல் விட்டிருந்தால், கூடுதலாக வரும். முதலில் கண்டுபிடித்தது நான்தான். போன ஜூன் மாதம். துணி நனைக்கிற வாளியில் வாயை வைத்தால் அது எடுக்காது. பாதி வாளித் தண்ணீர் குடிக்கும். என் மாடிப்படியெல்லாம் மூத்திரம். போட்டதையெல்லாம் தின்னும், ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்தத் தெருவில் முப்பது வீடு. யாருக்காவது தோன்றியதா? "வெயில் காலம், தண்ணி குடிக்குது" என்றார்கள். நான்தான் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சர்க்கரை நானூற்று எண்பது இருந்தது. ஆரோக்கியமான நாய்க்கு நூறை ஒட்டி இருக்க வேண்டும்.

டாக்டர் நஸ்ரின் பொறுமையாகத்தான் சொன்னார். காலை ஆறு, மாலை ஆறு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி. ஒரே உணவு, ஒரே அளவு. முதலில் சாப்பாடு, சாப்பிட்ட பிறகே ஊசி. சாப்பிடவில்லை என்றால் ஊசியைப் போடாமல் தன்னைக் கூப்பிடச் சொன்னார். இன்சுலின் ஏழு யூனிட். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பில் குத்த வேண்டும். "இது கெட்டிக்காரத்தனம் கேக்கற வியாதி இல்லம்மா. ஒழுங்கு கேக்கற வியாதி" என்றார்.

ஒழுங்கா? அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, தேதி எழுதிவிட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு கட்டம், ஊசிக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம். முதல் பக்கத்தில் ஆபத்து அறிகுறிகள். இதோ பையில்தான் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அடுத்த வேலை தெரு. வீடு வீடாகப் போனேன். இந்த நாய்க்கு எதுவும் போடாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டினேன். உங்களுக்கே தெரியும், தேய்பிறை அஷ்டமி என்றால் பைரவர் பெயரைச் சொல்லி நாய்க்குப் பொறையும் பிஸ்கட்டும் சர்க்கரைப் பொங்கலும் வைப்பார்கள். நான் கதவடியில் நின்று விவாதித்தேன். "உங்கள் கடன் தீர இந்த நாய் கண்ணை இழக்க வேண்டுமா?" என்று கேட்டேன். ஒரு மாமா சொன்னார்: "பாப்பா, நீ நாய்க்கு வக்கீலா, இல்ல எங்களுக்கு நீதிபதியா?" நான் சொன்ன பதிலில் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த விவாதத்தில் ஜெயித்தது நான்தான்.

பாவாயி அக்காவிடம்தான் பெரிய சண்டை. காலையில் டீயில் பொறையை முக்கி, ஊதி ஊதி ஆறவைத்து ஊட்டுவார். தினமும். ஒருநாள் கையிலிருந்தே பிடுங்கி எறிந்தேன். "நீங்கள் பாசத்தால் போடவில்லை, கொல்கிறீர்கள்" என்றேன். தெருவே கேட்டது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "செரி கண்ணு, இனிமே போடல" என்றார். அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பிடிக்காது அம்மா. எதிர்த்துப் பேசாதவர்களோடு எப்படி விவாதிப்பது?

ஆனால் உதவி வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு என்னால் எழுந்திருக்க முடியாது. ராத்திரி வெகுநேரம் படிப்பவள் நான், அது சோம்பல் அல்ல. அதனால் காலை ஊசி பாவாயி அக்கா, மாலை ஊசி நான் என்று ஏற்பாடு. மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா, பால் இருக்கிற ஃபிரிட்ஜில் நாய் மருந்தா என்றார். பாவாயி அக்கா ஒரு மண்பானையில் ஈரமணல் போட்டு, டப்பாவுக்குள் மருந்தை வைத்து அதில் புதைத்தார். எப்படித் தோன்றியதோ. டாக்டரிடம் கேட்டேன், ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் அதுதான் சரி என்றார். நான் பாவாயி அக்காவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். மருந்துப் புட்டியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும். காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முதல் தடவையே நடுங்காமல் போட்டார். நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விதி வைத்தேன். போட்டதும் நோட்டில் டிக். டிக் இல்லையென்றால் ஊசி போடவில்லை என்று அர்த்தம். இதில் குழப்பம் வர வழி இருக்கிறதா? சொல்லுங்கள்.

என் ஆராய்ச்சி கைடோடு எனக்குச் சண்டை வந்ததே இந்த மாதிரி விஷயத்தில்தான். நானூறு வீட்டில் சர்வே எடுத்தோம். பலர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் காலிக் கட்டங்களையெல்லாம் அவர் பூஜ்யம் என்று நிரப்பிவிட்டார். பதில் சொல்லாதவரை, இல்லை என்று சொன்னவராக ஆக்கிவிட்டார்! கருத்தரங்கில் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று கேட்டேன். காலி வேறு, பூஜ்யம் வேறு. ஜூனியர்களுக்கு முதல்நாளே சொல்லித்தருகிற பாடம் இது. தெரியாத ஒன்றை நடக்கவில்லை என்று எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அந்தப் பொண்ணு" என்பார். கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. பரவாயில்லை. உண்மை பேசினால் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். கூடப்பிறந்த அக்கா கல்யாணத்தில் வரதட்சணை பற்றி மண்டபத்திலேயே கேட்டேன், அப்பா போன் செய்து ஒன்றரை வருஷமாகிறது. அதுவும் பரவாயில்லை. ஜாங்கிரி சாயந்தரம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் மூன்றாவது படியில் வந்து உட்காருவாள். ஊசி போட்டு முடித்ததும் கையை நக்குவாள். குத்திய கையை.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்குப் புத்தகத்தைச் சாமியிடம் வைத்துவிட்டுப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்பார்களே. நான் அன்றைக்கென்றே படிப்பேன். கொள்கை. முதல்நாள் ராத்திரியே இரண்டு புத்தகம் எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் ஏழரைக்கு இறங்கி வந்தேன். இஸ்திரி வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பெட்டிக்கு விபூதிப் பட்டை அடித்து, பொட்டு வைத்திருந்தார் பாவாயி அக்கா. ஆயுத பூஜை அல்லவா, இஸ்திரிப் பெட்டிதானே அவர் ஆயுதம். பக்கத்தில் கரி வாரும் கரண்டி, கத்தரிக்கோல். அதோடு, கேளுங்கள், ஊசி டப்பா. அதற்கும் சந்தனம், குங்குமம். அதன்மேல் என் நோட்டு. அட்டையில் மூன்று விரல் சந்தனம், நடுவில் பொட்டு, மேலே ஒரு செவ்வந்தி.

பாவாயி அக்காவைக் காணோம். ஜாங்கிரியின் தட்டு நக்கிக் காலியாகக் கிடந்தது. பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். காலைக் கட்டம் காலி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! சாப்பாடு போட்டாயிற்று, ஊசி போடவில்லை, பூஜைக்குச் சாமான் வாங்கக் கிளம்பியாயிற்று. ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் தாமதம். நான் அவசரப்பட்டுச் செய்தேன் என்று டாக்டர் சொல்கிறார். இல்லை அம்மா. நான் போன் செய்தேன். போன் எங்கே அடித்தது தெரியுமா? பூஜையில். கரண்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், அதுவும் பொட்டு வைத்துக்கொண்டு. இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்?

ஏழு யூனிட் எடுத்தேன். போட்டேன். கட்டத்தில் டிக் போட்டேன். ஜாங்கிரி கையை நக்கினாள்.

ஒன்பதே முக்கால் இருக்கும். மாடியில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், தெருவுக்குக் கேட்கட்டும் என்று. படியில் ஏதோ இடித்துக்கொள்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஜாங்கிரி. கள் குடித்த மாதிரி கால் பின்னுகிறது. சுவரில் முட்டுகிறாள், திரும்பி மறுபடியும் அதே சுவரில் முட்டுகிறாள். மூன்றாவது படியிலிருந்து சரிந்து கீழே விழுந்தாள். நாலு காலும் இழுத்துக்கொண்டது. வாயில் நுரை.

டாக்டரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து, சிவப்பு மை. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு எழுத்தும் தலையில் ஏறவில்லை. படிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றேன். சரஸ்வதி பூஜை அன்றைக்கு.

பாவாயி அக்கா பொரி, கடலைப் பையோடு வந்தார். பையைப் போட்டார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் நோட்டு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஊசி போட்டயா கண்ணு?"

"நீங்கள் போடவில்லையே!"

"நான் ஆறு மணிக்கே போட்டுட்டனே."

சொல்லிக்கொண்டே பையைக் கொட்டினார். பூஜைக்குப் பொங்கல் வைக்க வாங்கிய வெல்லம். ஒரு கட்டியை இஸ்திரிப் பெட்டியாலேயே நச்சென்று நசுக்கி, துணிக்குத் தெளிக்கிற தண்ணீரில் குழைத்தார். விரலில் எடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "வெல்லம் கொடுக்காதீங்க! அவளுக்கு ஆகாது!" என்று கத்தினேன்.

"வாய மூடிக்கிட்டுத் தலையப் புடி."

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். தலையைப் பிடித்தேன். நாயின் பல்லுக்கு நடுவே அவர் விரலை விடவில்லை, கடித்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தார். தொண்டைக்குள் ஊற்றவில்லை, புரையேறிவிடும். தேய்க்கிறார், நிறுத்துகிறார், தேய்க்கிறார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதையும் நேரம் பார்த்துக் குறித்துவைக்கிற நான் அதைக் குறிக்கவில்லை. நாக்கு ஒரு தடவை அசைந்தது. அப்புறம் அவர் விரலை நக்கினாள்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருக்கு எட்டு வருசம் ரெண்டு வேளையும் நான்தான் போட்டேன். இப்பிடி எத்தன தடவ இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்காரு."

"ஏன் சொல்லவில்லை?"

"நீ எங்க பேசவுட்ட கண்ணு."

இது நியாயமா? சொல்லுங்கள். மூன்று வருஷம் வாசலில் நிற்கிறார், நான் தினமும் பேசுகிறேன், சொல்ல நேரமில்லையாம்.

சரி, டிக் ஏன் போடவில்லை? அதையும் கேட்டேன். ஜாங்கிரியை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோகும்போதே கேட்டேன். "சாமிக்கு வெச்ச நோட்டுல இன்னிக்கி எப்பிடி எழுதறது? நாளைக்கி எடுத்து ரெண்டு நாளைக்கும் சேத்துப் போட்டுடலாம்னு இருந்தேன். உன்ற படிப்பு நோட்டாச்சே, அதையும் வெச்சா உனக்கு நல்லா வரும்னு வெச்சேன்" என்றார். இந்த ஊரில் ஒருநாள் எழுதக் கூடாது என்று ஒரு பழக்கம். அதற்காக ஒரு உயிர் போகப் பார்த்தது. இதைத்தானே நான் வருஷக்கணக்காகக் கத்துகிறேன்!

ஒருநாள் முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டாள். டாக்டர் நஸ்ரினிடம் நோட்டைக் காட்டி விளக்கினேன். பாருங்கள் டாக்டர், விதி தெளிவு, கட்டம் காலி, தவறு எந்தப் பக்கம்? அவர் நோட்டை வாங்கவே இல்லை. "சந்தேகம் இருந்தா போடாதேன்னு மொதல் நாளே சொன்னேன். ஒரு வேளை விட்டுப்போனா பெருசா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டா உயிர் போயிரும்" என்றார். சொன்னாராம். என் குறிப்பில் அது இல்லை. இல்லையென்றால் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

"இனிமே ஒரே ஆள் ஒரே கை. யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி அக்கா சொன்னார், "பாப்பா நல்லாத்தான் பாக்குது டாக்டரம்மா. அதுவே போடட்டும்." எனக்கு ஆதரவாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். டாக்டர், "காலைல ஆறுக்கும் சாயந்தரம் ஆறுக்கும் அங்கேயே இருக்கிறவங்க யாரு?" என்றார். அவ்வளவுதான். தீர்ப்பு. என் தரப்பை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

தீபாவளி முடிந்து கிளம்பிவிட்டேன். கைடோடும் ஒத்துவரவில்லை, ஓசூரில் ஒரு சர்வே வேலை கிடைத்தது. கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தினமும் இரண்டு வேளையும் சாப்பிட்டாளா என்று பார்த்து, ஊசி போட்டு, எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் எடுக்கமாட்டேன், இங்கே நோட்டில் டிக் போட்டுக்கொள்வேன். ஒரு தடவைக்கு மேல் அடித்தால் ஏதோ பிரச்சனை என்று எடுப்பேன். "செரி கண்ணு" என்றார். வழக்கம்போல.

இதோ பாருங்கள். அட்டையில் அந்தச் சந்தனம் இன்னும் போகவில்லை. காலை, மாலை, காலை, மாலை. ஒன்றுகூட விட்டதில்லை. ஒருநாளும் ஒரு தடவைக்கு மேல் அடித்ததும் இல்லை. எனக்கு வேறு யாரும் போன் செய்வதில்லை என்பதால் குழப்பமும் இல்லை. ஒழுங்கான தரவு.

இன்றைக்கா? இன்றைக்குச் சேலத்துக்கு வந்தது பல்கலைக்கழகத்தில் என் துறையில் ஒரு கையெழுத்துப் போட. மத்தியானமே முடிந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் போனேன். கரண்ட் போஸ்ட் மறைவில் நின்றால் வேப்பமரம் தெரியும். வண்டிக்கடியில் ஜாங்கிரி படுத்திருந்தாள். உடம்பு தேறியிருக்கிறது, விலா எலும்பு தெரியவில்லை. ஆனால் இரண்டு கண்ணும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. புரை. சர்க்கரை நாய்க்குச் சீக்கிரம் வரும், டாக்டர் சொல்லியிருக்கிறார். அது என் குறிப்பில் இருக்கிறது. பாவாயி அக்கா தேய்த்துக்கொண்டே அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆமாம், மத்தியானம்தான். ஆமாம், இது அஞ்சு மணி பஸ்தான். நடுவில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். அதனால் என்ன?

மணி ஆறு மூன்று. உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா? ஒரு கோடா? எனக்கு அதுவும் இல்லை. இந்தக் கணவாய் எப்போது முடியும்? காலியாக இருந்தால் போடவில்லை என்று அர்த்தமில்லை, தெரியும். போட்டிருப்பார். அவர் போட்டிருப்பார். ஆனாலும்...

வந்துவிட்டது. பார்த்தீர்களா? ஒன்று. நோட்டைக் கொடுங்கள்.

ஏன் நிற்கவில்லை? இரண்டு. அம்மா, நிற்கவில்லையே. மூன்று. ஏதோ ஆகிவிட்டது. நான் வந்திருக்கவே கூடாது. இருங்கள்—

ஹலோ, அக்கா? என்ன ஆயிற்று? சாப்பிட்டாளா? ... ஊசி? ... ஏழுதானே? ... பின்னே எதற்கு அடித்துக்கொண்டே இருந்தீர்கள், உயிரே போய்விட்டது எனக்கு. ஒரு தடவை என்றால் ஒரு தடவை என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா?

... யார் வந்தது, நானா? இல்லையே. நான் ஓசூரில் இருக்கிறேன். யார் சொன்னது?

... ஜாங்கிரியா? அவளுக்குத்தான் கண் தெரியாதே அக்கா.

... தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? எவ்வளவு நேரம்?

... கேட்கிறது. கேட்கிறது, சொல்லுங்கள்.

... இல்லைக்கா. இன்னும் சாப்பிடவில்லை.